கொள்கலமும் கடப்பாடும்: கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களின் போக்குவரத்துப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

தன் வாழ்நாளில் ஒருபோதும் காணப்போகாத மனிதருக்கு ஒருவன் ஆற்றவேண்டிய கடமை யாது என்னும் வினா அறவியலிற் பழமையானது. பாலம் கட்டுவோனும் மருந்து செய்வோனும் கப்பலுக்குப் பலகை பொருத்துவோனும் இவ்வினாவுக்கு ஏதோவொரு விடையைத் தத்தம் தொழிலினாலேயே அளித்து வந்துள்ளனர். எனினும் பாலத்தின்மீது நடப்பவன் தான் பாலத்தின்மீது நடப்பதை அறிவான். மருந்துண்பவன் தான் மருந்துண்பதை அறிவான். கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களை அனுப்புவதற்கான பொதிகளை அமைப்பவனின் நிலை வேறு. அவனது பொதி நெடுஞ்சாலையிலும் புகையிரதப் பாதையிலும் துறைமுகத்திலும், தன்னை அறியாதார் நடுவே செல்கின்றது. அதன் அருகே தேநீர்க் கடையில் நிற்பவன் அதனுள் இருப்பது யாதென அறியான். அது தனக்குப் பயன்படுமா என அறியான். அது அவ்வழியே செல்லலாமா என்று அவனிடம் எவரும் கேட்டதுமில்லை. அவனுக்கும் அப்பொருளுக்கும் இடையில் இருப்பது சில அங்குல உருக்கும் ஈயமும், அவற்றை இவ்வளவு தடிப்பாக அமைத்தாற் போதும் என்று எங்கோ ஒருவன் செய்த தீர்மானமுமே. அத்தீர்மானம் பொறியியற் கணிப்பாக மட்டும் அமைந்ததா, அன்றி அதனுள் ஓர் அறத்தீர்ப்பும் அடங்கியுள்ளதா என்பதே இங்கு ஆராயப்படுவது.

கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் என்றதும் அணுகுண்டையும் அணுவுலையையும் மாத்திரமே எண்ணும் வழக்கத்தை முதலில் விலக்குதல் வேண்டும். உலகின் பாதைகளிற் செல்லும் இத்தகைய பொதிகளுட் பெரும்பாலானவை சிறியவை. மருத்துவமனைகளையும் தொழிற்றலங்களையும் நோக்கிச் செல்பவை. நோயாளியின் இதயத்தையும் என்புகளையும் படம்பிடிக்க உதவும் தெக்னீசியம்-99எம் என்னும் சமதானியின் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம். அதனைப் பிறப்பிக்கும் மொலிப்டினம்-99 இன் அரைவாழ்வுக்காலம் 66 மணித்தியாலம். இவற்றைக் களஞ்சியத்தில் இட்டுவைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளல் இயலாது. அணுவுலை எதுவுமற்ற நாடுகளின் மருத்துவமனைகள் இவற்றைத் திரும்பத் திரும்ப வானூர்தி வழியே தருவித்தல் வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபாற்று-60 இன் அரைவாழ்வுக்காலம் 5.27 ஆண்டு; ஆதலின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய மூலம் வருதலும் பழையது திரும்பிச் செல்லுதலும் தவிர்க்க முடியாதன. சுரங்கங்களிலே குழாய்களினூடு செல்லும் தாதுக் குழம்பின் அடர்த்தியை அளக்கச் சீசியம்-137 பயன்படுகின்றது. பாதை அமைப்போர் மண்ணின் ஈரத்தை அளக்க அமெரிசியம்-241 பயன்படுகின்றது. இவற்றுக்கப்பால் எரிந்து தீர்ந்த அணுவெரிபொருள், யுரேனியம் எட்சாபுளோரைட்டு, புளூத்தோனியம் படிந்த கையுறைகளும் கந்தைத் துணிகளும் என்று பட்டியல் நீள்கின்றது.

இவையாவும் ஒரே பெயரால் அழைக்கப்படினும் இவற்றின் தீங்கு ஒரே தன்மையானதன்று. கோபாற்று-60 இன் காமாக் கதிர் சுவரையும் ஊடுருவும். அதனைத் தடுப்பதற்குக் கனத்த ஈயம் அல்லது செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம் வேண்டும். புளூத்தோனியத்தின் அல்பாத் துணிக்கையை ஒரு தாள் தடுத்துவிடும்; ஆனால் அப்பொருள் தூளாகி மூச்சுடன் நுரையீரலிற் புகின் தீங்கு பெரிது. எனவே ஒன்றற்கு வேண்டுவது தடித்த சுவர். மற்றதற்கு வேண்டுவது கசியாத மூடி. எரிந்து தீர்ந்த எரிபொருள் தானே வெப்பத்தை உமிழ்வதால் அதன் கொள்கலம் காவலாக இருப்பதோடு குளிர்விக்கும் கருவியாகவும் இருத்தல் வேண்டும். பிளவுறுந் தன்மையுடைய பொருளாயின் பொதிக்குள் நீர் புகுந்தாலும், பல பொதிகள் அருகருகே அடுக்கப்பட்டாலும் சங்கிலித் தாக்கம் தொடங்காதவாறு இடைவெளியும் வடிவமும் கணிக்கப்படல் வேண்டும். யுரேனியம் எட்சாபுளோரைட்டு விபத்திற் சிந்தினால் கதிரினும் முந்திக் கொல்லக்கூடியது, அது ஈரத்துடன் சேர்ந்து உண்டாக்கும் ஐதரசன் புளோரைட்டே. கழிவுக் கந்தைகளிலோ அல்பாத் துணிக்கைகள் பிளாத்திக்கைச் சிதைத்து ஐதரசன் வாயுவைத் தோற்றுவிக்கின்றன. இறுக மூடிய பாத்திரம் நாளடைவில் வெடிக்கத்தக்க வாயுவின் பாத்திரமாகிவிடலாம். இறுக மூடுவதே பாதுகாப்பு என்னும் எளிய எண்ணம் இங்கு தடுமாறுகின்றது.

இத்துணை வேறுபட்ட பொருள்களுக்கெல்லாம் பொதுவான ஒழுங்கை வகுக்கும் முயற்சியாகச் சர்வதேச அணுசக்தி முகவரகம் 1961 ஆம் ஆண்டிலே தனது போக்குவரத்து விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்டு வந்த அவ்விதிகளின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஆதிக் கொள்கை மாறவில்லை. பாதுகாப்பு முதன்மையாகப் பொதியிலேயே தங்கியிருத்தல் வேண்டும். அதனைச் சுமப்போரின் திறமையிலோ விழிப்பிலோ அன்று என்பதே அக்கொள்கை.

இதனை வெறும் நிருவாக வசதியாகக் கொள்ளலாகாது. விபத்து நேர்ந்ததும் சாரதியின் கவனக்குறைவு, தொழிலாளியின் அறியாமை என்று கூறிப் பொறுப்பைக் கீழ்நோக்கித் தள்ளிவிடுவது எந்நாட்டிலும் காணப்படும் வழக்கம். இவ்விதியோ அதற்கு எதிரான திசையிற் செல்கின்றது. சாரதி உறங்கிவிடலாம், துறைமுகத் தொழிலாளி பொதியைக் கைநழுவ விடலாம், புகையிரதம் தடம் புரளலாம். இவையெல்லாம் மனித இயல்பில் அடங்கியவை. ஆதலின் இவை நிகழுமென எதிர்பார்த்தே பொதியை அமைத்தல் வேண்டும். அறிந்தவன் யாரோ, பயன் பெறுபவன் யாரோ, அவன்மீதே முதற் சுமை ஏற்றப்படுகின்றது. நூலாலும் கூட்டத்தாலும் நெறிமுறை பேசும் பல துறைகளிலும் காணக்கிடையாத ஒரு நேர்மை இத்தொழில்நுட்ப விதியினுள் ஓசையின்றி இருக்கின்றது எனலாம்.

ஆயினும் அந்நேர்மைக்கும் ஓர் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அறவியற் பிரச்சினை தொடங்குவதும் அவ்வெல்லையிலேயே. எல்லாப் பொருளுக்கும் உடையாத பெட்டகம் செய்தல் இயலாது. செய்யின் மருத்துவமனைக்குச் செல்லும் சிறு குப்பியொன்றைக்கூடப் பாரந்தூக்கி கொண்டே இறக்கவேண்டி வரும். ஆகவே விதிகள் பொதிகளைப் படிமுறையாக வகுக்கின்றன. மிகக் குறைந்த அளவுக்கு விலக்களிக்கப்பட்ட பொதி, அதன்மேற் கைத்தொழிற் பொதி, ஏ வகை, பீ வகை, வானூர்திக்குரிய சீ வகை என அவை ஏறிச்செல்கின்றன. இவற்றுள் ஏ வகையே ஆழ்ந்து நோக்கத்தக்கது. அது வழக்கமான பயணத்தின் இடர்களை மட்டும் தாங்கினாற் போதும். மணிக்கு 5 சதமமீற்றர் வீதம் பொழியும் மழையை அது தாங்கல் வேண்டும். பாரங்குறைந்த பொதியாயின் 1.2 மீற்றர் உயரத்திலிருந்து விழுதலையும், தன் நிறையின் ஐந்து மடங்கு பாரம் 24 மணித்தியாலம் மேலே இருத்தலையும், 6 கிலோகிராம் நிறையுள்ள கோலொன்று 1 மீற்றர் உயரத்திலிருந்து வந்து குத்துதலையும் தாங்கல் வேண்டும். லொறி கவிழ்ந்து தீப்பற்றினால் அப்பொதி உடையலாம் என்பதை விதியே ஒப்புக்கொள்கின்றது. அதற்கு ஈடாக உள்ளே இடத்தக்க அளவு வரையறுக்கப்படுகின்றது. உடைந்தாலும் பெருந்தீங்கு நேராத அளவே உள்ளே இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

எது பெருந்தீங்கு? அந்த அளவு எங்கிருந்து பெறப்பட்டது? இவ்விடத்திற்றான் ஒரு கற்பனை மனிதன் அரங்கில் தோன்றுகின்றான். உடைந்த பொதியிலிருந்து ஒரு மீற்றர் தொலைவில் அவன் நிற்கின்றான். அரை மணித்தியாலத்துக்கு மேல் அங்கு நில்லான் எனக் கொள்ளப்படுகின்றது. பொதியினுள் இருந்ததில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அவன் மூச்சில் புகும் எனவும் கொள்ளப்படுகின்றது. இந்நிலையில் அவன் பெறும் கதிர்ப்பின் அளவு 50 மில்லிசீவேட்டை மிஞ்சலாகாது. இதிலிருந்து பின்னோக்கிக் கணித்தே ஒவ்வொரு சமதானிக்கும் உரிய எல்லை பெறப்படுகின்றது. கோபாற்று-60 க்கு அது 0.4 தெராபெக்கரல். புளூத்தோனியம்-239 சிதறாத வடிவில் அடைக்கப்பட்டிருப்பின் 10 தெராபெக்கரல். சிதறக்கூடிய தூளாயின் 0.001 தெராபெக்கரல் மட்டுமே. ஒரே பொருள், வடிவத்தால் மட்டும், பத்தாயிரம் மடங்கு வேறுபடுகின்றது. பொருள்களின் பன்மையை இத்துணை நுட்பமாகப் பிரித்தறியும் அளவுகோல் வேறு துறைகளில் அரிது.

எனினும் அந்தக் கற்பனை மனிதன் யார் என்று கேட்டல் வேண்டும். அவன் அரை மணித்தியாலத்தில் விலகிச் செல்பவன். விலகவேண்டும் என்று அறிந்தவன், அல்லது விலக்கப்படுபவன். பொலிசாரும் தீயணைப்புப் படையினரும் விரைந்து வந்துசேரும் பாதையில் விபத்து நேரின் இவ்வெடுகோள் நியாயமானதே. மலைச்சரிவில் இரவில் லொறி புரண்டு, சாரதியின் கால் சிக்கிக்கொள்ள, பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் கைவிளக்குடன் இறங்கி வந்து அவனை விடுவிக்க மணிக்கணக்கில் முயலும் நிலையிலோ அக்கற்பனை மனிதன் அங்கு இல்லை. அவனினும் நல்ல மனிதரே இருக்கின்றனர். உதவ வந்தமையாலேயே அவர்கள் கூடுதற் கதிர்ப்பைப் பெறுவர். அன்றியும் 50 மில்லிசீவேட் என்னும் எண்ணும் சிந்தனைக்குரியது. பொதுமக்களுள் ஒருவர் ஓராண்டிற் பெறலாம் என வகுக்கப்பட்ட எல்லை 1 மில்லிசீவேட். ஐம்பது என்பது முன்னர் அணுத்துறைத் தொழிலாளிக்குரிய ஆண்டெல்லையாக இருந்தது. கதிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1990 ஆம் ஆண்டின் பரிந்துரைகளிலே தொழிலாளிக்குரிய எல்லையை ஐந்தாண்டுச் சராசரியாக 20 க்குக் குறைத்த பின்னரும், போக்குவரத்து விபத்துக்குரிய எண் ஐம்பதாகவே நின்றுவிட்டது. ஒரு மனிதன் வாழ்நாளில் இத்தகைய விபத்தொன்றின் அருகே நிற்பது மிக அரிது என்பது அதற்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயம் தவறானதன்று. ஆனால் அது பௌதிகவியல் தந்த விடையன்று. மனிதர் செய்த தெரிவு. எண்ணின் உடையணிந்து வந்ததால் அதன் தெரிவுத் தன்மை மறைந்துவிடுகின்றது.

விதி வகுத்தோரின் பக்கமும் கூறப்படல் வேண்டும். அவர்கள் தம் எடுகோள்களை மறைக்கவில்லை. ஒரு மீற்றர், அரை மணி, பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என யாவும் எழுத்தில் உள்ளன, விரும்புவோர் மறுத்துரைக்கலாம். ஊர்வழிப் பாதையில் எரிபொருட் கொள்கல லொறி ஓடுவதற்கு இத்தகைய கற்பனை மனிதன் எவனும் கணிக்கப்பட்டதாகப் பொதுமக்கள் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அந்த லொறியைக் குறித்து எவரும் அறவியற் கட்டுரை எழுதுவதில்லை என்பதும் உண்மை.

பெருமளவுப் பொருளுக்கு உரியது பீ வகைப் பொதி. அது கடும் விபத்தையும் தாங்கவேண்டும். 9 மீற்றர் உயரத்திலிருந்து சற்றும் நெகிழாத தளத்தின்மீது, தனக்கு மிகவும் கேடு தரும் கோணத்தில் அது விழவிடப்படுகின்றது. 15 சதமமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கோலின்மீது 1 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்த்தப்படுகின்றது. பின்னர் அதே பொதி 800 பாகை வெப்பமுள்ள தீயில் 30 நிமிடம் இருத்தல் வேண்டும். நீரின் அடியில் இருத்தலும் சோதிக்கப்படுகின்றது. இவற்றுக்குப் பின்னும் கசிவு, ஒரு வாரத்தில், ஏ வகைப் பொதியொன்றில் இடத்தக்க அளவை மிஞ்சலாகாது.

ஒன்பது மீற்றர் என்பதைக் கேட்ட பொதுமனிதன் எழுப்பும் ஐயம் எளிதில் விளங்கக்கூடியது. பாலங்கள் அதனினும் உயரமானவை அல்லவா? அவ்வுயரத்திலிருந்து விழும் பொதி நிலத்தைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 48 கிலோமீற்றர் அளவே. லொறிகள் அதனினும் விரைவாக ஓடுகின்றன அல்லவா? இதற்குப் பொறியியலாளர் கூறும் விடை உயரத்தில் அன்று, தளத்தில் உள்ளது. பொதியின் நிறையைப் போற் பத்து மடங்குக்குக் குறையாத கொங்கிறீற்றுத் திணிவின்மேல் உருக்குத் தகடு பதித்து அத்தளம் அமைக்கப்படுகின்றது. அது சிறிதும் வளைந்து கொடாமையால் மோதலின் சக்தி முழுவதையும் பொதியே ஏற்கின்றது. உண்மைப் பாதையில் மண் குழியும், மதில் நொறுங்கும், லொறியே நசுங்கிச் சக்தியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஆகவே ஒன்பது மீற்றர் வீழ்ச்சி, உயர்ந்த பாலத்திலிருந்து சாதாரண நிலத்தில் விழுவதினும் கடுமையானதாகலாம். விடை சரியானதே. ஆனால் அது கண்ணுக்குப் புலப்படாத விடை. அச்சங் கொண்டவனிடம் கணிதத்தைக் காட்டுவது, பசித்தவனிடம் அறுவடைக் கணக்கைக் காட்டுவது போன்றது.

இதனை உணர்ந்தமையாற் போலும், பிரித்தானியாவின் மத்திய மின்பிறப்பாக்கச் சபை 1984 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி ஓல்ட் டால்பி என்னுமிடத்திலே ஒரு பெருங்காட்சியை நடத்தியது. எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கொண்டுசெல்லும் உருக்குக் கொள்கலமொன்று பாதையிற் கிடத்தப்பட்டது. சாரதியற்ற புகையிரதமொன்று மூன்று பெட்டிகளுடன் மணிக்கு 100 மைல் வேகத்தில் வந்து அதன்மீது மோதியது. புகையிரத இயந்திரம் சிதைந்தது. கொள்கலமோ உள்ளமுக்கத்தில் மிகச் சிறிதளவை மாத்திரமே இழந்தது. அழைக்கப்பட்டோர் நேரிலும் மக்கள் தொலைக்காட்சியிலும் இதனைக் கண்டனர். ஐக்கிய அமெரிக்காவிலும் 1970களின் பிற்பகுதியில் சாண்டியா ஆய்வுகூடம் லொறிகளையும் புகையிரத இயந்திரத்தையும் இவ்வாறே மோதவிட்டுப் படம்பிடித்தது.

இக்காட்சிகள் பொய்யல்ல. ஆயினும் நிரூபணத்துக்கும் காட்சிக்கும் இடையில் வேறுபாடு உண்டு. சோதனை என்பது தோற்கும் சாத்தியத்தைத் தேடிச் செல்வது. காட்சி என்பது தோற்காதென நன்கு கணித்தபின் நடத்தப்படுவது. மோதலைக் கண்டு வியந்தவன் தீயைப் பற்றிக் கேட்க மறந்துவிடலாம். 2001 ஆம் ஆண்டு யூலையில் பால்ரிமோர் நகரின் கீழுள்ள சுரங்கப் பாதையிற் சரக்குப் புகையிரதமொன்று தடம் புரண்டு தீப்பற்றியபோது அத்தீ நாட்கணக்கில் அணையவில்லை. அதில் அணுப்பொருள் எதுவும் இருக்கவில்லை. ஆனால் அமெரிக்க அணு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பின்னர்க் கணித்துப் பார்த்தது. கணிக்கப்பட்ட கொள்கலங்களுட் சிலவற்றின் மூடிவளையங்கள் தம் வெப்ப எல்லையைக் கடந்திருக்கக்கூடும் எனவும், ஆயினும் வெளிவரக்கூடியது மிகச் சிறிதே எனவும் அது கண்டது. தன் விதிக்கு வெளியே நிகழ்ந்ததைத் தானே தேடிச்சென்று தன்னைச் சோதித்த இச்செயல், புகையிரதத்தை மோதவிட்ட காட்சியினும் நம்பிக்கைக்கு உரியது. அதனைத் தொலைக்காட்சியிற் காட்ட எவரும் முன்வரவில்லை.

பொதிகள் உண்மையில் தவறிய இடங்களை நோக்கின் அவை பெரும்பாலும் ஒன்பது மீற்றரிலும் எண்ணூறு பாகையிலும் இல்லை என்பது புலனாகும். 2023 ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு அவுத்திரேலியாவின் வடபகுதிச் சுரங்கமொன்றிலிருந்து பேர்த் நகருக்கு அனுப்பப்பட்ட அளவுகருவியொன்றிலிருந்து சீசியம்-137 அடங்கிய சிறு உறை காணாமற் போயிற்று. அதன் உயரம் 8 மில்லிமீற்றர். விட்டம் 6 மில்லிமீற்றர். பயணத் தூரமோ ஏறத்தாழ 1400 கிலோமீற்றர். நெடும் பயணத்தின் அதிர்வினால் திருகாணிகள் தளர்ந்து, கருவி பிரிந்து, ஆணியின் துவாரத்தினூடாக உறை பாதையில் விழுந்துவிட்டதெனக் கருதப்பட்டது. மோதல் இல்லை, தீ இல்லை, சாரதியின் பிழையும் இல்லை. பேர்த்தை அடைந்து சில நாள் கழித்துப் பெட்டி திறக்கப்பட்ட போதே இழப்புத் தெரியவந்தது. பெப்ரவரி 1 ஆந் திகதி, கதிரை உணரும் கருவி பூட்டிய வாகனமொன்று பாதையோரத்தில் அதனைக் கண்டுபிடித்தது. அக்காலத்தில் அம்மாநிலச் சட்டம் இத்தகைய குற்றத்துக்கு விதித்த உச்சத் தண்டப்பணம் 1000 டொலர் என்பது வெளிவந்தபோது மக்கள் சினந்தனர். பொதியின் சுவருக்கு எண் வகுத்த அறிவு, பொறுப்பின்மைக்கும் ஏற்றதோர் எண்ணை வகுக்க மறந்துவிட்டது போலும்.

இதனினும் கொடிது பிறேசில் நாட்டின் கொயானியா நகரில் நிகழ்ந்தது. அது போக்குவரத்து விபத்தன்று. ஆயினும் கொள்கலத்தின் கதையே. இடம் மாறிய சிகிச்சை நிலையமொன்று விட்டுச்சென்ற கருவியிலிருந்து 1987 ஆம் ஆண்டு செத்தெம்பரில் சீசியம்-137 அடங்கிய பகுதி பழைய இரும்பாக விற்பதற்காகக் கழற்றப்பட்டது. உள்ளிருந்த தூள் இருளில் நீல ஒளி வீசிற்று. அதனை உறவினருக்கும் அயலாருக்கும் அன்பளிப்பாகப் பகிர்ந்தனர். பிள்ளைகள் தொட்டு விளையாடினர். நால்வர் இறந்தனர், 249 பேரின் உடலிலோ உடலினுள்ளோ சீசியம் காணப்பட்டது, ஒரு இலட்சத்துப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். அக்கொள்கலம் வலிமையானதே. வலிமையாய் இருந்ததாலேயே அது விலையுள்ள உலோகமாகத் தோன்றியது. மூவிதழ்க் கதிர்ச்சின்னம் அறிந்தவனுக்கு எச்சரிக்கை; அறியாதவனுக்கோ பூவடிவம். 2007 ஆம் ஆண்டிலே, கதிரலைகளும் மண்டையோடும் ஓடும் மனிதனும் வரைந்த சிவப்பு முக்கோணச் சின்னமொன்று சர்வதேச அளவில் அறிமுகமாயிற்று. பல நாட்டு மக்களிடம் காட்டிப் பார்த்தே அது தெரிவு செய்யப்பட்டது. ஆனால் அது கருவியின் உட்புறத்தில், பிரிக்க முற்படுவோன் காணுமிடத்தில் ஒட்டுவதற்கே உரியது. பாதையிற் செல்லும் பொதியின் வெளிப்புறத்துக்கு உரியதன்று. செல்லும் வழியெங்கும் மண்டையோட்டைக் காட்டிச் சென்றால் எந்தச் சாரதியும் ஏற்றமாட்டான் என்பதும் உண்மையே.

அச்சத்தின் விலையும் இங்கு கணிக்கப்படல் வேண்டும். விதிகளுக்கு முற்றும் அமைந்த பொதிகளையும் ஏற்ற மறுக்கும் கப்பற் கம்பனிகளும் வானூர்திக் கம்பனிகளும் துறைமுகங்களும் உள. கோபாற்று-60 மூலங்கள் இதனாற் பெரிதும் தாமதமுற்றன. இம்மறுப்புகளை ஆராய 2006 ஆம் ஆண்டிலே சர்வதேச அணுசக்தி முகவரகம் ஒரு வழிகாட்டுங் குழுவையே அமைக்க நேர்ந்தது. மறுப்பவன் தன்னளவில் எந்தப் பிழையும் செய்யவில்லை; தன் கப்பலைக் காத்துக்கொண்டான். ஆனால் 66 மணித்தியாலத்தில் அரைவாசி அழியும் பொருள் விமான நிலையத்தில் மூன்று நாள் கிடந்தால், அதற்காகப் படுக்கையிற் காத்திருந்த நோயாளிக்குச் செல்வது அரைவாசிக்கும் குறைவே. அந்நோயாளியும் பொதியை அமைத்தவன் ஒருபோதும் காணாத மனிதனே. பாதையோரத்து மனிதனை மாத்திரம் எண்ணிச் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போகும் அறம், படுக்கையில் உள்ளவனை மறந்துவிடுகின்றது.

பெந்தாம் வழிவந்த பயன்பாட்டுவாதி இவ்விருவரையும் ஒரே தராசில் இடுவான். தீங்கின் நிகழ்தகவைத் தீங்கின் அளவாற் பெருக்கி, பயனிலிருந்து கழித்து, மிகுதி நேரானதாயின் பொதி செல்லலாம் என்பான். நடைமுறையில் விதிகள் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. காண்டின் வழி நிற்பவன் இதற்கு இசையான். பாதையோரத்து மனிதன் பிறரது பயனுக்குரிய கருவியாக மாத்திரம் ஆக்கப்படுகின்றானா என்பதே அவன் வினா. ஜோன் றோல்ஸ் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலில் முன்வைத்த அறியாமைத் திரை என்னும் கருத்து இங்கு பயன்படத்தக்கது. பொதியை அமைப்பவன், தான் அதனை அனுப்புபவனாகப் பிறப்பானா, ஓட்டும் சாரதியாகவா, நோயாளியாகவா, மலைச்சரிவில் கைவிளக்குடன் இறங்கும் அயலவனாகவா என்பதை அறியாது சுவரின் தடிப்பைத் தீர்மானிப்பதாகக் கொள்வோம். அவன் மொலிப்டினப் பொதியைத் தடுக்கமாட்டான். அதேவேளை அரை மணித்தியாலம் என்னும் எடுகோளை அத்துணை எளிதில் ஏற்கவும் மாட்டான்.

பயன் ஒருவர்க்கும் இடர் மற்றவர்க்கும் ஆகும்போது சம்மதம் பற்றிய வினா கூர்மையடைகின்றது. 1992 ஆம் ஆண்டு நவம்பரில் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் புளூத்தோனியத்துடன் அக்காற்சுகி மாரு என்னும் கப்பல் பிரான்சின் செர்பூர்க் துறையிலிருந்து யப்பான் நோக்கிப் புறப்பட்டபோது, வழியிலிருந்த பல நாடுகள் தம் கடற்பரப்பை அணுகவேண்டாம் என்றன. பொதிகள் விதிக்கு அமைந்தவை என்பது அவர்களுக்கு விடையாகவில்லை; அவர்கள் கேட்டது பொதியின் வலிமையை மட்டுமன்று, தம்மிடம் கேளாமற் செல்லும் உரிமை எங்கிருந்து வந்தது என்பதையும் ஆகும். நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் இதற்கு வேறொரு வழி காணப்பட்டது. புளூத்தோனியம் போன்ற பாரமான மூலகங்கள் கலந்த பாதுகாப்புத்துறைக் கழிவைக் கார்ல்ஸ்பாட் அருகே நிலத்தடி உப்புப் படையில் அடக்கும் திட்டத்துக்கு முதல் லொறி 1999 ஆம் ஆண்டு மார்ச்சு 26 ஆந் திகதி சென்றது. அதற்கு முன்னரே வழியிலுள்ள மாநிலங்கள் பேச்சில் இடம்பெற்றன. உள்ளூர்த் தீயணைப்போர் பயிற்றப்பட்டனர். சந்தா பே நகரைச் சுற்றிப் புதிய பாதை அமைக்கப்பட்டது. லொறிகளின் இருப்பிடம் செய்மதி வழியே கண்காணிக்கப்பட்டது. பொதியே போதும் என்னும் கொள்கையின்படி இவை தேவையற்றவை. ஆயினும் அந்தக் கற்பனை மனிதனுக்கு முகம் கொடுத்தவை இவையே.

அத்திட்டத்தின் பொதியும் ஒரு வரலாறு உடையது. 1980களில் முதலில் வகுக்கப்பட்ட கொள்கலம் ஒரேயொரு உறையும் ஐதரசன் வெளியேறுவதற்குத் திறந்த வாயிலும் உடையதாக அமைந்தது. நியூ மெக்சிக்கோவின் சுயாதீன ஆய்வுக்குழு அதனைக் கடுமையாக மறுத்தது. வாயுவை வெளிவிடும் வாயில் தூளையும் வெளிவிடும் அன்றோ? அவ்வமைப்புக் கைவிடப்பட்டு, ஒன்றனுள் ஒன்றாக இரு உறைகள் கொண்ட, வாயிலற்ற கொள்கலம் 1989 ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்றது. அதனுள் இடப்படும் ஒவ்வொரு பீப்பாயும் எவ்வளவு ஐதரசனைப் பிறப்பிக்கும் என்பது முன்கூட்டியே கணிக்கப்படல் வேண்டும். மிகுதியாயின் அது ஏற்றப்படலாகாது. கனவடிவம் சிறிதாயிற்று, வேலை பெருகிற்று, ஆயினும் மறுத்தோரின் சொல் உருக்கில் வடிக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க விதியும் குறித்த அளவுக்கு மேற்பட்ட புளூத்தோனியத்துக்கு இரட்டை உறையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2004 ஆம் ஆண்டு அக்கட்டாயம் நீக்கப்பட்டது. பீ வகைச் சோதனையிலே தேறிய ஓருறை போதுமானது, ஏனைய பொருள்களுக்கில்லாத விதி இதற்கு மாத்திரம் ஏன் என்பது வாதம். இரண்டாவது மூடியைத் திறந்து மூடும் தொழிலாளி அதனருகே கூடுதல் நேரம் நின்று கூடுதற் கதிர்ப்பைப் பெறுகின்றான் என்பதும் கூறப்பட்டது. 2010 ஆம் ஆண்டு அதே திட்டத்துக்காக ஓருறை கொண்ட மற்றொரு பெருங்கொள்கலம் அங்கீகாரம் பெற்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளிற் புளூத்தோனியத்தின் இயல்பில் மாற்றம் எதுவும் நேரவில்லை. 1974 இல் எண்ணப்பட்டவன் பாதையோரத்து மனிதன். 2004 இல் அவனுடன், கையுறை அணிந்து மூடியருகே நிற்கும் தொழிலாளியும் எண்ணப்பட்டான். இருவருள் எவனுக்காக மற்றவன் எவ்வளவு ஏற்கலாம் என்பதைக் கணித்த தாள் எதிலும், அவ்விருவரின் கையொப்பத்துக்கும் இடம் விடப்பட்டிருக்கவில்லை.